வினாவும் விடையும்: முத்துக்குளித்துறையின் தொடக்கக் கல்வியை முன்வைத்து ஒரு திறனாய்வு

தோற்றுவாய்

'கேள்வி' என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. செவியால் கேட்டறிதலும் கேள்வி. வாயால் வினவுதலும் கேள்வி. பழைய நூல்களில் முன்னைய பொருளே பெருவழக்கு. இன்றைய வழக்கில் பின்னையது மிக்குள்ளது. ஏற்றலையும் நாடலையும் ஒரு சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. ஆயினும், பள்ளிக்கூடத்துள் முதன்முதல் அடியெடுத்து வைக்கும் இளங்குழந்தைக்கு இவ்விரு கேள்வியுள் முதலாவதே வாய்க்கின்றது. வாய்பொத்திக் கேட்டல் நல்லொழுக்கம் எனப் பாராட்டப்பெறுகின்றது. வினவுதல் குறும்பு எனப் பெயர் பெறுகின்றது.

தொடக்க வகுப்புகளில் ஆசிரியரும் குழந்தையும் ஒருவரோடொருவர் எங்ஙனம் உரையாடுகின்றனர் என்பதை உற்றுநோக்கித் திருத்தும் முயற்சி இன்று உலகெங்கும் கல்வியியலின் தனித்துறையாக வளர்ந்துள்ளது. அது கல்வியியலார்க்கே உரியது, தமிழ்த்துறையார்க்கு அதில் வேலை இல்லை எனப் பலர் கருதலாம். யாம் அங்ஙனம் கருதவில்லை. உரையாடல் மொழியால் ஆவது. வினாவும் விடையும் இலக்கணத்தின் பாற்பட்டவை. அவற்றை வகைப்படுத்தும் கருவி நம் இலக்கண நூல்களிலேயே உண்டு. அக்கருவியைக் கொண்டு, தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறையில் நிகழ்ந்த கல்வி முயற்சிகளையும், அவற்றிற்கு வாய்த்த நூல்களையும், இன்றைய வகுப்பறையையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முதற் சான்று

இக்கடற்கரையில் குழந்தைகளுக்குக் கற்பித்தமை பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளுள் தலையாயவை சவேரியாரின் மடல்கள். 1542-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் தூத்துக்குடியிலிருந்து எழுதிய மடலிலும், 1544-ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலிலும் குழந்தைகளைப் பற்றிய செய்திகள் உள்ளன. சமய வரலாற்றார் இம்மடல்களைத் தம் துறைக்கு வேண்டியவாறு பயன்படுத்தியுள்ளனர். கற்பிப்போன் தன் கற்பித்தலைத் தானே நோக்கி எழுதிய குறிப்புகள் என்னும் முறையில் யாம் அவற்றைக் காண்கின்றோம்.

அவர் தமிழ் அறியாதவர். இரு மொழியும் ஓரளவு அறிந்தார் சிலரின் துணையால் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே நெட்டுருச் செய்தார். கையில் மணியேந்தி ஊரூராகச் சென்று சிறுவரைக் கூட்டினார். நாள்தோறும் இருமுறை சொல்லச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கற்ற சிறுவர் தம் பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்குமாறு பணிக்கப்பெற்றனர். தாம் செல்ல இயலாத நோயாளர் வீடுகளுக்கும் அவர் சிறுவரையே அனுப்பினார். 1542-ஆம் ஆண்டு மடலில் ஒரு குறிப்பு நம் கருத்தைக் கவர்கின்றது: ஏதேனும் ஒரு மன்றாட்டைக் கற்றுத்தரும் வரையில் சிறுவர் தம்மை உண்ணவும் உறங்கவும் விடவில்லை என்கிறார் அவர். கடற்கரைக் குழந்தைகள் வாய்மூடியவராக அல்லர், விடாது கேட்பவராகவே இச்சான்றில் தோன்றுகின்றனர். இதனை நாம் நினைவில் இருத்திக் கொள்ளல் வேண்டும்.

அடுத்த செய்தி இன்னும் ஆழமானது. 1544-இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசு என்பார்க்கு எழுதிய மடலில், விசுவாச மந்திரத்தின் தமிழாக்கத்தில் நேர்ந்த பிழையைச் சவேரியார் சுட்டுகின்றார். 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் நின்றது. விருப்பத்தைக் குறிக்கும் சொல் நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லின் இடத்தைப் பற்றிக்கொண்டது. அதனை மாற்றிச் சொல்லுமாறு அவர் பணிக்கின்றார்.

தம் பிழையைத் தாமே கண்டு திருத்திய கற்பிப்போனின் நேர்மை இங்குப் போற்றத்தக்கது. ஆனால் திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா வேறு. 'வேணும்' என்பதன் பொருளை அறியாதவர் கற்பித்தவர் ஒருவரே. திருப்பிச் சொன்ன சிறுவர் அனைவர்க்கும் அது தாய்மொழிச் சொல். வீட்டில் சோறு கேட்கும்போதும் நீர் கேட்கும்போதும் அவர்கள் வாயில் வரும் சொல் அது. அதன் பொருத்தமின்மையை உணரத்தக்க அறிவு மாணவர்பால் இருந்தது; அவ்வறிவு ஆசிரியரைச் சென்று சேர்வதற்கான வாயில் அக்கற்பித்தல் முறையில் இல்லை. சொல்லுதல், திருப்பிச் சொல்லுதல் என்னும் இரண்டே நிலைகள் இருந்தன. மூன்றாவதாகிய வினவுதல் இல்லை. வினா இல்லாத வகுப்பில் பிழை ஆசிரியரிடம் தோன்றினாலும் மாணவர் வாயில் நிலைபெறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

2. வினாவிடை நூல்கள்

சவேரியாருக்குப் பின் இக்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றவர். தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதியவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்', 1586-ஆம் ஆண்டின் 'அடியார் வரலாறு' ஆகியவை அவர் பெயரோடு இணைந்தவை. இவற்றுள் 1579-ஆம் ஆண்டு நூல் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. அது மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் போர்ச்சுக்கீசியத் துறவியின் நூலைத் தழுவியது. அம்மூலநூல் சிறுவர்க்குக் கற்பித்தற்கென்றே உரையாடல் வடிவில் இயற்றப்பட்டது. அதன்கண் ஆசிரியர் வினவுவார், மாணாக்கர் விடையிறுப்பார்.

இதே மூலநூல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஜப்பானிய மொழியில் வெளிவந்தபோது ஓர் அரிய மாற்றம் நிகழ்ந்தது. அங்கு மாணாக்கன் வினவுகின்றான். ஆசிரியர் விடை கூறுகின்றார். வினவும் வாய் மாறிய அளவில் நூலின் இயல்பே மாறிவிடுகின்றது. ஆசிரியர் வினவுங்கால் வினா ஓர் ஆய்வு. மாணவன் நெட்டுருச் செய்தானா என்று அளக்கும் கோல். மாணாக்கன் வினவுங்கால் அதே வினா அறிவு வேட்கையாகின்றது. விடையும் அவன் ஐயத்திற்கு ஏற்ப விரிய வேண்டியதாகின்றது.

வினாவிடை வடிவம் அதன்பின் தமிழில் பெருவழக்காயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் 'சைவ வினாவிடை' இயற்றினார். பாலபாட நூல்களையும் வரிசையாக வெளியிட்டார். தூத்துக்குடிக்கு அணித்தாகிய சாயர்புரத்தில் 1840-களில் கல்விப்பணி புரிந்த போப் அடிகளார், இலக்கணத்தை வினாவிடையாகப் பள்ளி மாணவர்க்கு எழுதினார். சமயத்தால் எதிரெதிர் நின்றோரும் கற்பித்தல் வடிவத்தால் ஒன்றுபட்டனர். இவ்வடிவத்தின் நன்மையை மறுத்தல் ஆகாது. பெரும்பொருளைச் சிறுசிறு கூறாக்கித் தருவது; தெளிவுடையது; நூலே அரிதாய் இருந்த காலத்தில் நினைவிற்குத் துணையாவது.

ஆயின் அதன் குறையும் வெளிப்படை. வினாவும் நூலாசிரியருடையது, விடையும் நூலாசிரியருடையது. வினவுவார் இன்னார் என்னும் குறிப்பே பல நூல்களில் இல்லை. மாணவன் விடையை மட்டுமன்றி வினாவையும் நெட்டுருச் செய்கின்றான். உரையாடலின் உருவம் உண்டு, உரையாடல் இல்லை. இன்றைய பாடநூல்களின் ஈற்றில் வரும் பயிற்சி வினாக்கள் பலவும் இவ்வடிவத்தின் வழிவந்தவையே.

3. பவணந்தியார் வகுத்த ஆறும் எட்டும்

இனி, இவ்வுரையாடல்களை அளத்தற்குரிய கருவிக்கு வருவோம். தொல்காப்பியனார் கிளவியாக்கத்தில் செப்பும் வினாவும் வழுவின்றி அமைதல் வேண்டும் என வற்புறுத்துகின்றார். வினாவிற்கு எதிராக வரும் வினாவும் விடையாதல் உண்டு என ஏற்கின்றார். நன்னூலார் சொல்லதிகாரப் பொதுவியலில் இவ்விரண்டையும் விரித்து, வினா ஆறு, விடை எட்டு என வகுக்கின்றார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன ஆறு. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என்பன எட்டு.

இவ்வாறு வகையையும் நாம் தேர்வுக்கு உரியனவாகப் படிக்கின்றோம். வகுப்பறையில் உலவுவனவாக அவற்றைக் காண்பதில்லை. ஆனால் உரையாசிரியர்கள் அறிவினாவிற்கும் அறியாவினாவிற்கும் காட்டும் எடுத்துக்காட்டுகள் வகுப்பறையிலிருந்தே எடுக்கப்பட்டவை. நூற்பாவின் பொருளை ஆசிரியர் மாணவனிடம் வினவினால் அறிவினா. மாணவன் ஆசிரியரிடம் வினவினால் அறியாவினா. சொல் ஒன்றே, வினவுவோன் நிலையால் வகை வேறாகின்றது. வினாவிடை நூல்களைப் பற்றி மேலே கூறிய வேறுபாடும் ஈண்டு இலக்கணப் பெயர் பெறுகின்றது. 1579-ஆம் ஆண்டு நூலின் மூலம் அறிவினாவால் ஆனது. அதன் ஜப்பானிய வடிவம் அறியாவினாவால் ஆனது.

இளங்குழந்தைகள் வகுப்பிற்கு இவற்றைப் பொருத்திக் காண்போம். படத்தைக் காட்டி 'இது என்ன?' என ஆசிரியை வினவுவது அறிவினா. 'இது ஆடா, மாடா?' என்பது ஐயவினாவின் உருவில் வந்த அறிவினா. 'சிலேட்டுக்குச்சி யாரிடம் இருக்கிறது?' என்று தாம் வாங்கி எழுதும் பொருட்டு வினவுவது கொளல்வினா. 'உனக்குச் சிலேட்டுக்குச்சி இல்லையா?' என்று கொடுக்கும் கருத்தோடு வினவுவது கொடைவினா. 'இன்னும் எழுதி முடிக்கவில்லையா?' என்பது ஏவல்வினா. தொடக்க வகுப்பில் சிறிது நேரம் அமர்ந்து செவி கொடுப்பார்க்கு, ஆசிரியர் வாயில் அறிவினாவும் ஏவல்வினாவும் மிக்கு வருதலும், குழந்தை வாயில் அறியாவினா அருகி வருதலும் புலனாகும். ஆசிரியர் வாயில் அறியாவினா, அஃதாவது தாம் உண்மையிலேயே அறியாத ஒன்றைக் குழந்தையிடம் கேட்டறிதல், அரிதினும் அரிது.

விடைவகை இதனினும் பயன் தருவது. எட்டனுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. அவற்றையும் விடையெனவே கொள்ளுதல் நன்னூலார் கருத்து. குழந்தைகள் பெரிதும் கூறுவன இப்பிற்பகுதி விடைகளே. விளக்கத்தின் பொருட்டுச் சில உரையாடல்களைப் புனைந்து காட்டுவோம். 'கடல் தண்ணீர் எப்படி இருக்கும்?' என்கிறார் ஆசிரியை. 'எங்க கிணத்துத் தண்ணியும் கரிக்குமே, டீச்சர்?' என்கிறது குழந்தை. இது வினாதல் விடை. 'நேற்று ஏன் வரவில்லை?' என்பதற்கு 'எங்க அப்பா வலை அறுந்துபோச்சு' என்பது உற்றதுரைத்தல். 'நாளைக்கு வருவாயா?' என்பதற்கு 'நாளைக்குத் தோணி வருது' என்பது உறுவதுகூறல். 'வீட்டில் மீன் குழம்பா?' என்பதற்குக் 'கணவாய்' என்பது இனமொழி. ஆசிரியர் பலர் இவற்றைக் 'கேட்டதற்குப் பதில் சொல்' என்று ஒதுக்குவர். இலக்கணம் விடையென ஏற்றதை வகுப்பறை விடையன்று எனத் தள்ளுகின்றது. தள்ளப்பட்ட குழந்தை மறுநாள் 'ஆம்', 'இல்லை' என்பவற்றோடு நின்றுவிடும். அதன்பின் அதுவும் நின்றுவிடும்.

4. பாயிரம் கூறும் கற்பித்தல் திறன்

வினாவின் வகை மட்டும் போதாது. வினவும் முகம் எத்தகையது என்பதும் வேண்டும். அதனை நன்னூற் பொதுப்பாயிரம் கூறுகின்றது. கற்பிப்பவன் விரைதலும் வெகுளுதலும் இன்றி, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கொள்பவனது கொள்ளும் ஆற்றலை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு கற்பித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆசிரியர்பால் முழுதும் பயின்றாலும் காற்பங்கே வரும், உடன் கற்பாரோடு பயில மற்றொரு காற்பங்கு வரும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு உரைப்பதால் வரும் என்னும் கணக்கும் ஆண்டே உள்ளது.

இவ்வரைப்பங்கினை இக்கரையின் சிறுவர் 1542-க்குப் பின் மேற்கொண்டதை மேலே கண்டோம். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை மேற்கொண்டதும் அதுவே. 1789-இல் சென்னை எழும்பூரின் படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்திற்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல், உள்நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதக் கண்டு, அதனையும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் அமைத்தார். 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். 'மதராசு முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்து முதலிய நாடுகளில் பரவியது. ஆனால் இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரு குறை பொதுவாக நிற்கின்றது. சிறுவன் பிறர்க்குக் கடத்தியது பாடத்தை, வினாவை அன்று. நன்னூலார் கோடற்கூற்றில் வினவுதலையும், வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் மாணவன் கடமைகளாகவே வைத்தார். பாடம் போற்றலை எடுத்துக்கொண்ட பள்ளிக்கூடம் வினாதலை விட்டுவிட்டது.

பாயிரத்தை முற்றும் அவ்வாறே தொடக்க வகுப்பிற்கு எடுத்துச் செல்லல் தகாது என்பதையும் கூறல் வேண்டும். அது முதிர்ந்த மாணாக்கரை நோக்கியது. அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என மாணாக்கரைத் தரம் பிரிப்பது. மந்தன் முதலியோரைக் கற்பித்தற்கு உரியரல்லர் என விலக்குவது. ஐந்தகவைக் குழந்தையை இல்லிக்குடம் என்று பெயரிட்டு ஒதுக்கும் உரிமை எந்த ஆசிரியர்க்கும் இல்லை. பிள்ளை ஒழுகவிடுகின்றது எனத் தோன்றினால், ஊற்றிய வகையை நோக்குதலே முறை. எனவே, மாணாக்கர் இலக்கணத்தை விடுத்து, கற்பித்தல் திறனையும் வினாவிடை இலக்கணத்தையும் கொள்ளுதலே தக்கது.

5. மேலை நாட்டு நோக்குமுறைகள்

வகுப்பறை உரையாடலை நோக்கும் முறைகளுள் நம் நாட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நன்கு அறியப்பட்டது நெட் பிளாண்டர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் முறை. வகுப்பில் நிகழும் பேச்சை மூன்று நொடிக்கு ஒருமுறை குறித்து, பத்து வகையுள் ஒன்றில் அடக்குவது அது. அவர் கண்ட 'மூன்றில் இரண்டு' விதி பெயர் பெற்றது: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அப்பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் பேச்சு, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு விரிவுரை, ஏவல், கண்டிப்பு ஆகியவை. இம்முறை பயனுடையது. ஆயினும் பத்து வகையுள் ஏழு ஆசிரியர் பேச்சிற்கும், இரண்டே மாணவர் பேச்சிற்கும், ஒன்று அமைதி அல்லது குழப்பத்திற்கும் ஒதுக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. குழந்தையின் பேச்சு எவ்வெவ்வகைத்து என்று அறிய இக்கருவி பெரிதும் உதவாது. நன்னூலாரின் ஆறும் எட்டுமோ வினவுவார் எவர்க்கும், விடையிறுப்பார் எவர்க்கும் பொது.

மேரி பட் ரோ என்பார் 1974-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வினவிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரி ஒரு நொடி அளவினதே. அதனை மூன்று நொடியாக நீட்டிய அளவில் மாணவர் விடைகள் நீண்டன. விடை கூறாதோர் குறைந்தனர். மாணவர் தாமே வினவுதலும் மிகுந்தது. விரையாமை என்று பாயிரம் கூறியதன் விலை இரண்டே நொடி எனலாம்.

வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இராபர்ட் பியான்டாவும் அவர்தம் குழுவினரும் வகுத்து, 2008-இல் நூலாக்கிய முறை, உணர்வுத் துணை, வகுப்பு ஒழுங்கு, கற்பித்தல் துணை எனும் மூன்று கூறுகளை ஏழு படியுள்ள அளவுகோலால் மதிப்பிடுகின்றது. மலர்ந்த முகத்தையும், கொள்வோன் ஆற்றலை அறிதலையும் அளக்க முயலும் கருவி இது. ஆனால் வேற்றுமொழிச் சூழலில் பிறந்த அளவுகோல் ஒரு குழந்தை வழங்கும் சொல்லின் வேரை அறியாது. ஏழில் ஐந்து என்று எண்ணிடலாம். குழந்தை சொன்ன சொல் ஏன் தள்ளப்பட்டது என்பதை அவ்வெண் கூறாது. அதற்குத் தமிழறிவு வேண்டும்.

6. கடற்கரைக் குழந்தையின் சொல்

தமிழறிவு வேண்டும் என்றதன் கருத்து இக்கரையில் நின்று நோக்குவார்க்கு எளிதில் விளங்கும். 'பார்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் அது 'உலகம்'. வகுப்பில் அது 'காண்' என்னும் ஏவல். கடற்கரைக் குழந்தைக்கு அது கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி விளைந்த தொல்லாயிரம் பார் தூத்துக்குடிக் கடலில் உள்ளது. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது, சொல் நிற்கவில்லை. பாரின் பெயர்களும் திசையும் மீனவர் வாயில் இன்றும் வழங்குகின்றன.

காற்றின் பெயர்கள் இன்னும் நல்ல சான்று. வாடை, கொண்டல், தென்றல், கோடை என வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்குக் காற்றுகளை இலக்கியம் பெயரிடும். முத்துக்குளித்துறையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்பர். முன்னிரண்டும் சங்க வழக்கோடு ஒப்பவே நிற்கின்றன. உள்நாட்டில் 'வாடை' என்றால் நாற்றம் என்று பொருள் கொள்ளும் நிலை வந்துவிட்ட பிறகும், வலையுலர்த்தும் குடியில் பிறந்த ஐந்தகவைக் குழந்தைக்கு அது வடகாற்றாகவே உள்ளது. நெடுநல்வாடையின் பெயரிலுள்ள சொல்லை முதுகலை மாணவர்க்கு நாம் உரைகொண்டு விளக்குகின்றோம். அக்குழந்தைக்கு விளக்கம் வேண்டுவதின்று. கடல் நீரோட்டத்தைக் குறிக்கும் 'நீவாடு' என்பதும் இத்தகையதே. ஜோ டி குருசின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) ஆகிய புதினங்கள் வெளிவந்த பின்னரே இச்சொற்களுட் பலவற்றை உள்நாட்டுப் படிப்பாளர் அறிந்தனர்; 'கொற்கை' 2013-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது. பெரியோர் எழுதினால் பரிசு பெறும் மொழியைச் சிறியோர் பேசினால் கொச்சை எனத் திருத்துதல் முறையாகுமா?

ஈண்டு ஆசிரியரது நிலையையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். உள்நாட்டிலிருந்து இக்கரைக்கு வரும் ஆசிரியர் 'கச்சான்' என்பதை அறியாமை குற்றமன்று. அறியாதவர் வினவாமையே குறை. 'கச்சான் என்றால் என்ன? எப்போது அடிக்கும்? அடித்தால் அப்பா கடலுக்குப் போவாரா?' என்று அவர் குழந்தையிடம் வினவுவாராயின், அவை உண்மையான அறியாவினாக்கள். அன்று அக்குழந்தை முதன்முதல் உரைப்பவனாகின்றது. நன்னூலார் கூறிய அரைப்பங்கு கல்வி அதற்கு வாய்க்கின்றது. உப்பளத் தொழிலாளர் குழந்தை பாத்தி கட்டுதலைச் சொல்லும். துறைமுகத் தொழிலாளர் குழந்தை சரக்கு ஏற்றுதலைச் சொல்லும். ஆசிரியர் அறியாததும் குழந்தை அறிந்ததுமான பொருள் இக்கரையில் நிறைந்து கிடக்கின்றது. சவேரியார் காலத்தில் 'வேணும்' என்னும் சொல்லறிவு மாணவர்பால் தங்கி ஆசிரியரை அடையாது போனது போல, இன்றும் இவ்வறிவு வகுப்பின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது.

7. நோக்கித் திருத்தும் நெறி

இனி, செய்யத்தக்கது யாது? ஒரு தாளை இரண்டாகப் பகுத்து, ஒருபுறம் ஆசிரியர், மறுபுறம் குழந்தை எனக் குறித்து, ஆறு வினாவும் எட்டு விடையும் வரிசையாக எழுதிக்கொள்க. உடன்பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் அரைமணி நேரம் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து ஒவ்வொரு வினாவையும் விடையையும் உரிய இடத்தில் புள்ளியிடுக. அதன்பின் இருவரும் அமர்ந்து நான்கு செய்திகளை நோக்குக. முதலாவது, ஆசிரியர் வினவிய அறியாவினா எத்தனை? இரண்டாவது, குழந்தைகள் வினவிய அறியாவினா எத்தனை? மூன்றாவது, குறிப்பு விடைகள் ஏற்கப்பட்டனவா, தள்ளப்பட்டனவா? நான்காவது, வினாவிற்கும் அடுத்த பேச்சிற்கும் இடையே எத்துணை அமைதி? இந்நான்கனுள் ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த வாரம் திருத்திக்கொள்க. எல்லாவற்றையும் ஒருங்கே திருத்த முயல்வார் எதனையும் திருத்தார்.

நோக்குபவர் உடன்பணியாளராய் இருத்தல் வேண்டும் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், ஆய்வாளர் நடத்தும் தேர்வின் விளைவை ஒட்டிப் பள்ளிகளுக்கு மானியம் அளிக்கும் முறை இருந்தது. மானியத்திற்காக நோக்கப்படும் வகுப்பு அறிவினாவையே பெருக்கும். ஆய்வாளர் வரும் நாளுக்கென விடைகள் நெட்டுருவாகும். மதிப்பெண் இடுவதற்கு நோக்குதல் வேறு. திருத்திக்கொள்ள நோக்குதல் வேறு. முன்னது ஆசிரியரை நடிகராக்கும். பின்னது அவரை மாணவராக்கும்.

இருக்கை முறையையும் கருவிகளையும் மாற்றினால் போதும் எனக் கருதுவாரும் உளர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். குழந்தையைக் குறுக்கிடாது நோக்குதலே ஆசிரியரின் முதற்கடன் என்பது அவர் கொள்கை. நாம் அவர்தம் மரக்கருவிகளை ஏற்ற அளவிற்கு அந்நோக்குதலை ஏற்றோமா என்பது வினாவிற்குரியது. 2007-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசுப் பள்ளிகள் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் ஆசிரியரைப் பாயில் குழந்தைகளோடு அமர வைத்தது, அது பெருமாற்றமே. ஆயினும் அட்டையில் அச்சான வினாவும் அறிவினாவே. பாயில் அமர்ந்து கேட்டாலும் பலகையருகே நின்று கேட்டாலும் வினாவின் வகை மாறாதவரை குழந்தையின் நிலை மாறாது.

8. தடையும் விடையும்

குழந்தை வழக்கையே ஏற்றுக்கொண்டால் எழுத்துத் தமிழ் எப்போது வரும் எனச் சிலர் தடை கூறலாம். எழுத்துத் தமிழ் வேண்டும் என்பதில் ஐயமின்று. கடற்கரைக் குழந்தைக்கு அதனை மறுத்தல் அநீதி. ஆனால் ஏற்றலுக்குப் பின்னரே சேர்த்தல் நிகழும். 'கச்சான்' என்று சொன்ன குழந்தையிடம் 'தவறு, கோடைக்காற்று' என்பது ஒரு முறை. 'நீங்கள் கச்சான் என்பதைப் பாட்டில் கோடை என்று சொல்லியிருக்கிறார்கள்' என்பது மற்றொரு முறை. முன்னதில் குழந்தை ஒரு சொல்லை இழந்து ஒரு சொல்லைப் பெறுகின்றது. பின்னதில் இரண்டையும் பெறுகின்றது.

குழந்தைகள் நிறைந்த வகுப்பில் ஒவ்வொருவர் வினாவிற்கும் செவிசாய்த்தல் இயலுமா என்பது மற்றொரு தடை. இத்தடையில் உண்மை உண்டு. ஆசிரியர் தொகையைப் பெருக்குதல் அரசின் கடமை. அதற்கு எந்நோக்குமுறையும் ஈடாகாது. எனினும், ஒரு நாளில் ஒரு குழந்தையிடம் ஓர் அறியாவினா என்பது எவ்வளவு பெரிய வகுப்பிலும் இயலும். உடன் பயில்வாரிடம் காற்பங்கு வரும் என்றமையால், ஒரு குழந்தையின் விடையை மற்றக் குழந்தைகள் கேட்பதும் கல்வியே.

நெட்டுருவை இகழ்தல் எம் கருத்தன்று என்பதையும் கூறிவிடல் வேண்டும். பாடம் போற்றலும் கேட்டவை நினைத்தலும் இல்லையேல் தமிழ்ச் செல்வத்தில் பெரும்பகுதி நம்மை வந்து அடைந்திராது. ஆனால் நினைவில் உள்ளதைப் பற்றி வினவும் உரிமை இல்லாவிடின், 'வேணும்' என்னும் சொல் தன் இடமல்லாத இடத்தில் நின்றது போலப் பிழையும் உடன் போற்றப்படும்.

முடிவுரை

முத்துக்குளித்துறையின் சிறுவர் 1542-இல் கேட்பவராகத் தோன்றி, மணியோசைக்குக் கூடித் திருப்பிச் சொல்பவராயினர். வினாவிடை நூல்கள் வினவும் உரிமையை ஆசிரியரிடமே விட்டன. திண்ணைப் பள்ளியும் மதராசு முறையும் சிறுவர்க்கு உரைக்கும் வாய்ப்பை அளித்து, வினவும் வாய்ப்பை அளிக்கவில்லை. இன்றைய நோக்குமுறைகள் ஆசிரியர் பேச்சை நுணுகி அளக்கின்றன. குழந்தையின் சொல்லை நுணுகி அளத்தற்கு நம் இலக்கணமே துணை செய்கின்றது. ஆசிரியர் அறியாவினாவை வினவக் கற்றலும், குழந்தையின் குறிப்பு விடையை விடையென ஏற்றலும் ஆகிய இரண்டே யாம் வலியுறுத்துவன.

தமிழ் முதுகலை மாணவர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கின்றது. நன்னூலின் பொதுவியலைத் தேர்விற்குப் படித்தவர்கள் அதனைக் கையில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள குழந்தைகள் மையத்திற்கும் தொடக்கப் பள்ளிக்கும் செல்லலாம். அங்குக் கேட்கும் வினாக்களையும் விடைகளையும் குறித்துத் தொகுத்தால், அத்தொகுதி கல்விக்கும் பயன்படும். வட்டார வழக்காராய்ச்சிக்கும் பயன்படும். உரையாசிரியர்கள் தம் காலத்து வகுப்பறையிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தந்தனர். நம் காலத்து எடுத்துக்காட்டுகளைத் தொகுக்கும் கடமை நம்மைச் சார்ந்தது.